சின்ன இடம், சின்னச் செலவு, ஒரு தோட்டம்: பெங்களூரில் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

லிங்கராஜபுரத்தில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் முன்னால் 18 அடி நீளம், 6 அடி அகலத்தில் ஒரு துண்டு இடம் இருக்கிறது. குடிவந்த அன்று அங்கே கிடந்தவை ஓர் உடைந்த வாஷ்பேசின், கட்டட வேலையில் மிஞ்சிய ஜல்லி, முழங்கால் உயரப் பார்த்தீனியம். இப்போது சாயங்காலம் ஆறு மணிக்கு அங்கே யாராவது உட்கார்ந்திருப்பார்கள். கேட்டைக் கடக்கிறவர்கள், தமிழ்ச் சொந்தங்கள், அவர்கள் சொல்லி வந்த அடுத்த தெருக்காரர்கள் என்று பலரும் நின்று கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். வாயால் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

இருக்கறதே ஆறடி இடம். இதுல தோட்டம்னு என்னக்கா போட முடியும்?

முடியும். முப்பதுக்கு நாற்பது அடி மனையில் வீடு கட்டி, காருக்கு விட்டு, மீதி கிடைக்கும் இடம் பெங்களூரில் எல்லாருக்கும் இவ்வளவுதான். ஆறடி அகலம் என்றால் ஓர் ஆள் உட்கார இரண்டடி, கால் நீட்ட இரண்டடி, சுவரோரம் செடிக்கு இரண்டடி. கணக்கு சரியாக வருகிறது.

சின்ன இடத்தில் ஒரு வசதியும் உண்டு. பத்து நிமிஷத்தில் தண்ணீர் ஊற்றிவிடலாம். ஒரு செடி வாடினால் அன்றைக்கே கண்ணில் படும்.

மொத்தமா எவ்வளவு ஆகும்? சும்மா ஒரு கணக்கு சொல்லுங்க.

எனக்கு ஆனது 6,500 ரூபாய். ஒரே நாளில் இல்லை, ஐந்து மாதத்தில். உட்காரும் கல் 700, அதைத் தாங்கும் பிளாக்குகள் 200, மண்ணும் உரமும் 1,800, தொட்டிகள் 1,500, காசு கொடுத்து வாங்கிய செடிகள் 800, ஜல்லியும் அதை ஏற்றிவந்த ஆட்டோவும் 600, விளக்கு 500, சுண்ணாம்பும் பிரஷ்ஷும் 400. விலைவாசி மாறும், பேரத்துக்கும் ஏற்ப மாறும். ஆனால் எது பெரிய செலவு என்ற வரிசை மாறாது.

பாருங்கள், செடிக்கு ஆனதைவிட மண்ணுக்கு இரண்டு பங்குக்கு மேல் ஆகியிருக்கிறது. பலபேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நர்சரிக்குப் போய் நாலாயிரத்துக்குப் பூத்த செடி வாங்கிவந்து, அதே கட்டி மண்ணில் வைத்து, ஒரு மாதத்தில் காயவிட்டு, "எனக்குக் கை ராசி இல்லை" என்பார்கள். ராசி எல்லாம் மண்ணில்தான் இருக்கிறது.

சரி, முதல்ல எந்தச் செடி வாங்கணும்?

எதுவும் வாங்காதீர்கள். முதலில் உட்கார ஓர் இடம் செய்யுங்கள்.

நம் ஊர்ப் பழைய வீடுகளில் திண்ணை இருந்தது. அதைச் சுற்றி என்ன பெரிய தோட்டம்? ஒரு துளசி மாடம், ஒரு நந்தியாவட்டை, தண்ணீர் போகும் வழியில் ஒரு வாழை. ஆனாலும் வழிப்போக்கர்கூட வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார். மனுஷரைக் கூப்பிட்டது திண்ணை. செடி அதற்குத் துணை. இங்கே நாற்பது தொட்டி வைத்த வீடுகளைப் பார்க்கிறேன், நடுவில் ஒரு முக்காலி போடக்கூட இடம் இருக்காது. அது செடிகளின் கோடவுன்.

உட்காரும் இடம் முடிவானால் மற்றவை தானாக முடிவாகும். தலைக்குமேல் நிழல் எங்கே வேண்டும், மல்லி எந்தப் பக்கம் இருந்தால் வாசனை வரும், எந்தச் சுவர் கண்ணை உறுத்துகிறது என்பதெல்லாம் அங்கே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

பெஞ்ச் விலை கேட்டா மயக்கமே வருது. வேற வழி இருக்கா?

இருக்கிறது. பெங்களூரின் பழைய வீடுகளைத் தினமும் எங்காவது இடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவற்றின் கூரையிலும் தரையிலும் போட்டிருந்த கருங்கல் பலகைகள் இடித்த இடத்திலோ பழைய சாமான் கடையிலோ கிடைக்கும். இங்கே சப்படிக் கல் என்றால் புரிந்துகொள்வார்கள். நாலடி நீளம், ஒண்ணேகால் அடி அகலம், இரண்டு அங்குலக் கனத்தில் ஒன்று தேடுங்கள். ஓரம் உடைந்திருந்தால் விலை குறையும், உட்கார அதனால் ஒன்றும் ஆகாது.

தாங்குவதற்குச் சிமெண்ட் சாலிட் பிளாக் நாலு. பக்கத்துக்கு இரண்டாக ஒன்றன்மேல் ஒன்று படுக்கவைத்தால் 16 அங்குலம், மேலே கல் 2 அங்குலம். மொத்தம் 18, நாற்காலி உயரம் அதுதான். பூசவேண்டியதில்லை, கல்லின் எடையே பிடித்துக்கொள்ளும். ஆனால் தரை மட்டமாக இருக்கவேண்டும். ஒரு தட்டில் தண்ணீர் வைத்துப் பார்த்து மட்டம் பாருங்கள். குழந்தைகள் ஏறிக் குதிக்கும் வீடு என்றால் மட்டும் பிளாக்குகளுக்கு நடுவிலும் கல்லுக்கு அடியிலும் கொஞ்சம் சிமெண்ட் வைத்துவிடுங்கள். அந்தக் கல் 60 கிலோவுக்குக் குறையாது, கால்மேல் விழுந்தால் அவ்வளவுதான்.

எங்க வீடு வடக்கு பார்த்தது, வெயிலே வராது. அப்ப எங்களுக்குத் தோட்டம் கிடையாதா?

வெயிலே வராது என்பது பாதிதான் உண்மை. பெங்களூர் 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே போகும். அந்த மாதங்களில் வடக்கு வாசலில் நேர் வெயில் விழும். டிசம்பரில் வீட்டின் நிழலே முழுக்க மூடிவிடும். தெற்கு வாசல்காரர்களுக்கு இது தலைகீழ். டிசம்பரில் வெயில் பார்த்துச் செடி வைத்தவர்கள் ஜூனில் "திடீர்னு நிழலாயிடுச்சு" என்று வருகிறார்கள்.

ஒரு நாள் செலவழித்துக் காலை ஒன்பது, மதியம் பன்னிரண்டு, மாலை நாலு மணிக்கு ஒரே இடத்தில் நின்று மூன்று போட்டோ எடுங்கள். ஐந்து மணி நேர வெயிலுக்குமேல் கிடைக்கும் மூலையில் மல்லி, செம்பருத்தி, ரோஜா. இரண்டு மூன்று மணி நேரம் என்றால் நந்தியாவட்டை, கற்பூரவல்லி. நேர் வெயிலே இல்லையென்றால் வெற்றிலை, பெகோனியா, பெரணி, சிங்கோனியம், பாம்புக் கற்றாழை. சென்னையில் தவித்துப்போகும் பெகோனியா இந்த ஊர்க் குளிருக்கு நிழலில் அப்படிப் பூக்கும். நிழல் வீட்டுக்காரர்கள் வருத்தப்படவே வேண்டாம். ஏப்ரலில் எல்லாரும் உங்கள் வீட்டுக்குத்தான் வந்து உட்காருவார்கள்.

நர்சரியில செம்மண் மூட்டை தர்றாங்களே, அது போதாதா?

போதாது. இந்த ஊர்ச் செம்மண் நல்ல மண்தான், ஆனால் தொட்டியில் தனியாகப் போட்டால் மூன்று மாதத்தில் செங்கல்லாகிவிடும். ஊற்றும் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல், மண்ணுக்கும் தொட்டிக்கும் நடுவில் விழுந்த இடுக்கு வழியாகக் கீழே வந்துவிடும். அடியில் தண்ணீர் வடிவதைப் பார்த்து நாம் திருப்தியாக உள்ளே போவோம். உள்ளே வேர் காய்ந்துகொண்டிருக்கும்.

செம்மண் ஒரு பங்கு, ஊறவைத்துப் பிழிந்த தென்னைநார்த் தூள் ஒரு பங்கு, மண்புழு உரமோ நன்றாக மக்கிய சாணி உரமோ ஒரு பங்கு. தொட்டிக்கு ஒரு கை வேப்பம்புண்ணாக்கு. தென்னைநார்த் தூளை 5 கிலோக் கட்டியாக வாங்கினால் ஊறி 60 லிட்டருக்குமேல் வரும், சின்னக் கட்டிகளாக வாங்குவதைவிட லாபம். ஒருமுறை தண்ணீரில் அலசி உப்பை வெளியேற்றிவிடுங்கள். கலந்ததைக் கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டையாக நிற்கவேண்டும், விரலால் தட்டினால் உதிரவேண்டும். அதுதான் பதம், கொழுக்கட்டை மாவுக்குச் சொல்வது மாதிரி.

இன்னொன்று. நர்சரியிலிருந்து வரும் செடியின் வேரைச் சுற்றியும் அதே கட்டிச் செம்மண்தான் இருக்கும். கவரைக் கிழித்து அப்படியே நடாதீர்கள். அரைமணி நேரம் வாளித் தண்ணீரில் வைத்து, ஓரங்களை மெல்ல உதிர்த்துவிட்டு நடுங்கள்.

மண் தொட்டியா, பிளாஸ்டிக்கா, க்ரோ பேக்கா?

கண்ணுக்கு முன்னால் இருப்பது மண் தொட்டி, பின்வரிசை எதுவானாலும் சரி. பத்து விதத் தொட்டி பத்து நிறத்தில் இருந்தால் சின்ன இடம் இன்னும் சின்னதாகத் தெரியும். பென்சன் டவுன் பக்கம் குயவர்கள் இருக்கும் பாட்டரி டவுனுக்கு ஒருமுறை போய்வாருங்கள். தமிழிலேயே பேரம் பேசலாம். தொட்டியை விரலால் சுண்டிப் பாருங்கள், 'டங்' என்றால் நன்றாக வெந்தது, 'தொப்' என்றால் விரிசல். பெயிண்ட் அடித்ததை வாங்காதீர்கள். சுவாசிக்கும் என்றுதான் மண் தொட்டி வாங்குகிறோம், பெயிண்ட் அதை அடைத்துவிடும்.

மண் தொட்டிக்கு வெயிலில் தினமும் தண்ணீர் வேண்டும், பிளாஸ்டிக்குக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். அடிக்கடி ஊருக்குப் போகிறவர்கள் இதை யோசித்து வாங்குங்கள்.

செடியெல்லாம் காசு குடுக்காம வாங்கினேன்னு சொல்றீங்களே, எப்படி?

எல்லாம் இல்லை, முக்கால்வாசி. ஜூன், ஜூலையில் மழை ஆரம்பித்ததும் அக்கம்பக்கத்தில் கிளை வெட்டுவார்கள். செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ, காகிதப்பூ, மல்லி எல்லாமே போத்து வைத்தால், அதாவது வெட்டிய கிளைத் துண்டை மண்ணில் நட்டால், வரும். பென்சில் கனம், ஒரு சாண் நீளம், கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டு, மேலே இரண்டு இலை மட்டும். நிழலில் ஈரமாக வைத்தால் ஒரு மாதத்தில் துளிர்விடும். பத்து வைத்தால் ஆறு பிழைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதனால் பத்து வையுங்கள். வேர் பிடித்ததா என்று தினமும் பிடுங்கிப் பார்க்கும் ஆள் எங்கள் வீட்டில் ஒருவர் உண்டு. அவர் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பதும் முக்கியம்.

கேட்டு வாங்குங்கள். யாரும் இல்லை என்று சொன்னதில்லை. எதிர் வீட்டுக் கன்னட அஜ்ஜி (பாட்டி) கொடுத்த மழை லில்லிக் கிழங்கு ஆறுதான், இப்போது எங்கள் பாதை ஓரம் முழுக்க அதுதான்.

லால்பாக்ல ஃபிளவர் ஷோ நடக்கும்போது வாங்கினா நல்லதா?

ஜனவரியிலும் ஆகஸ்டிலும் நடக்கும் அந்தக் காட்சிக்குப் போங்கள், பாருங்கள், சோளம் சாப்பிடுங்கள். செடி மட்டும் வேறொரு நாள் வாங்குங்கள். காட்சிக்கு வரும் செடி அன்றைக்கு முழுக்கப் பூத்து நிற்கும்படி பசுமைக்குடிலில் வளர்த்தது, வீட்டுக்கு வந்ததும் பூ உதிர்ந்து ஏமாற்றும். சாதாரண வாரநாளில் லால்பாக் நர்சரியில் நிதானமாகப் பார்த்து, பூ இல்லாத, அடியில் கிளை நிறைய இருக்கும் செடியாக எடுங்கள். விதைக்கும் காய்கறி நாற்றுக்கும் ஹெசரகட்டாவிலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் நம்பகமானது. அர்கா என்று பேர் தொடங்கும் ரகங்கள் எல்லாம் அவர்களுடையவை.

வருஷம் பூரா ஏதாவது பூ இருக்கணும். என்ன வைக்கலாம்?

இந்த ஊருக்கு இது பழைய கேள்வி. லால்பாக்கை 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் நிர்வகித்த ஜெர்மானியர் கிரும்பிகல் இதைத்தான் ஊர் முழுக்கச் செய்தார். ஒரு மரம் பூத்து முடியும்போது இன்னொன்று தொடங்கும்படி தேர்ந்தெடுத்தார். ஜனவரியில் இளஞ்சிவப்பு டபேபுயா, அப்புறம் மஞ்சள், மார்ச்சில் ஊதா ஜகரண்டா, ஏப்ரல் மே மாதத்தில் குல்மோகர் என்று சாலைகள் மாறி மாறிப் பூப்பது தற்செயல் இல்லை.

அதையே தொட்டி அளவுக்குச் சுருக்கிக்கொள்ளுங்கள். மார்ச்சிலிருந்து மல்லி. ஏப்ரல் கடைசியில் முதல் மழைக்கு மண்ணைப் பிளந்துகொண்டு வரும் சிவப்புப் பந்து மாதிரி மே ஃபிளவர். ஜூனுக்குப் பிறகு ஒவ்வொரு மழைக்கும் மழை லில்லி. ஆகஸ்டிலிருந்து பவளமல்லி, அக்டோபரிலிருந்து சாமந்தி, குளிர் மாதங்களில் டிசம்பர் பூ. செம்பருத்தியும் நந்தியாவட்டையும் இடைவெளி எல்லாவற்றையும் நிரப்பும். ஒவ்வொன்றிலும் ஒன்று போதும். ஒன்று பூக்கும்போது அதை முன்னால் நகர்த்துங்கள், முடிந்ததும் பின்னால் தள்ளுங்கள். தொட்டி என்பதே அதற்குத்தானே.

புல்தரை போடலாமா? குழந்தை விளையாடும்.

இந்த அளவு இடத்தில் வேண்டாம். தண்ணீர் குடிக்கும், வாரம் ஒருமுறை வெட்டவேண்டும், வீட்டு நிழலில் வழுக்கைத் தலையாகிவிடும். பிளாஸ்டிக் புல்லைப் பற்றிக் கேட்கவே கேட்காதீர்கள், மார்ச் மாத மதியம் அதில் வெறுங்காலை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நடக்கும் வழியில் மட்டும் கற்களை ஓரடி இடைவெளியில் பதித்து, நடுவில் ஜல்லி பரப்புங்கள். ஈரமான ஓரத்தில் வல்லாரை வையுங்கள், பச்சையாகப் படரும், துவையலுக்கும் ஆகும். வெடிலியா என்று மஞ்சள் பூவோடு படரும் ஒன்றை யாராவது இலவசமாகக் கொடுப்பார்கள். வாங்காதீர்கள், அடுத்த வருஷம் மற்றச் செடியெல்லாம் அதற்கு அடியில் இருக்கும்.

தண்ணியே லாரியில வருது. இதுல செடிக்கு வேற ஊத்தணுமா?

நியாயமான கேள்வி. 2024 மார்ச்சில் குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது நினைவிருக்கும். அந்த மாதம் எங்கள் செடிகள் அரிசி களைந்த தண்ணீரிலும் காய் கழுவிய தண்ணீரிலும்தான் பிழைத்தன. சிங்க்குக்கு அடியில் ஒரு பேசின் வைத்தால் நாலு பேர் வீட்டில் ஒரு நாளைக்கு ஒரு வாளிக்குக் குறையாது. உப்புப் போட்ட வடிகஞ்சியை மட்டும் ஊற்றாதீர்கள்.

மண்ணை வெறுமையாக விடாதீர்கள். இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த இலை பரப்பினால் தண்ணீர்த் தேவை நன்றாகக் குறையும். இலைக்குப் பஞ்சமில்லை. எங்கள் தெருவைக் கூட்டும் பௌரகார்மிக அம்மாவிடம் கேட்டால் ஒரு மூட்டை கேட்டுக்கு வந்துவிடும். காபி கொடுங்கள்.

பெரிய தொட்டி அல்லது தரையில் இருக்கும் செடிகளுக்குப் பானைப் பாசனம். அடியில் ஓட்டையில்லாத சின்ன மண்பானையைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து, தண்ணீர் நிரப்பி, மூடிவைக்கவேண்டும். பானை கசியக் கசிய வேர் குடித்துக்கொள்ளும். ஊருக்குப் போகும்போது இது காப்பாற்றும். பழைய தண்ணீர்ப் பானை இருந்தால் செலவே இல்லை.

ஆர்.ஓ. மெஷின்ல கழிவாப் போற தண்ணிய ஊத்தலாமா?

தனியாக ஊற்றாதீர்கள். அதில் உப்பு அதிகம். போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் மண் தொட்டியின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது இந்த உப்புதான். ஆர்.ஓ. கழிவில் அது இன்னும் கெட்டி. பாதிக்குப் பாதி காய் கழுவிய தண்ணீரோடு கலந்து, காகிதப்பூ, கற்றாழை போன்ற முரட்டுச் செடிகளுக்கு ஊற்றலாம். பெரணிக்கு வேண்டாம். மழைக்காலத்தில் தொட்டிகளை நன்றாக நனையவிட்டால் சேர்ந்த உப்பு கழுவிக்கொண்டு போகும்.

செடி வெச்சா கொசு வருமே?

செடியால் வருவதில்லை, நிற்கும் தண்ணீரால் வருகிறது. டெங்கு கொசு சுத்தமான தண்ணீரில் முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுதான் முதல் குற்றவாளி. தட்டை எடுத்துவிடுங்கள், அல்லது வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேயுங்கள். கொட்டினால் மட்டும் போதாது, முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

உருளியில் பூ மிதக்கவிடுகிறவர்கள் இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள். அல்லித் தொட்டி வைத்தால் நாலு கப்பி மீன் விடுங்கள். போன கேள்வியில் சொன்ன பானைக்கு... இல்லை, அதற்கு முந்தின கேள்வி... மூடி கட்டாயம்.

காம்பவுண்டு சுவரு கருப்பா, பாசி பிடிச்சு அசிங்கமா இருக்கு. என்ன செய்யலாம்?

இரும்பு பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுச் சுண்ணாம்பு அடியுங்கள். பெயிண்ட் வேண்டாம், ஈரச் சுவரில் உரிந்துவிடும். வடக்கு வாசல் வீடுகளில் வெள்ளைச் சுவர் இன்னொரு வேலையும் செய்யும், இருக்கும் வெளிச்சத்தைச் செடிகள்மேல் திருப்பிவிடும். கீழே ஓரடிக்குக் காவிப் பட்டை அடித்தால் மழையில் தெறிக்கும் செம்மண் தெரியாது. கோயில் சுவர் மாதிரி இருக்கிறதே என்றார் என் கணவர். இருந்தால் என்ன?

ராத்திரியில அழகா இருக்கணும்னா எத்தனை லைட்டு போடணும்?

ஒன்று அல்லது இரண்டு. வாசலில் டியூப் லைட் எரிந்தால் தோட்டம் பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கும். அதை அணைத்துவிட்டு, 3,000 கெல்வினுக்குள் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) மஞ்சள் வெளிச்சம் தரும் சின்ன எல்.இ.டி. ஒன்றை முழங்கால் உயரத்தில், செடிக்குப் பின்னால், சுவரைப் பார்க்கும்படி வையுங்கள். பல்பு கண்ணில் படக்கூடாது, இலை நிழல் சுவரில் விழவேண்டும். மழையில் நனையும் இடத்துக்கு வெளியில் வைக்கும் ரக விளக்குதான், ஒயரை இன்சுலேஷன் டேப் சுற்றிச் சமாளிக்காதீர்கள். படி இருந்தால் அதற்கு மட்டும் தனியாக வெளிச்சம் வேண்டும், வயசானவர்கள் வருவார்கள்.

வாடகை வீடு. ஓனர் ஒத்துக்குவாரா? நாளைக்கு காலி பண்ணச் சொன்னா?

நாங்களும் வாடகைதான். ஓனர் பயப்படுவது இரண்டுக்கு: சுவரில் ஈரம் ஏறும், வேர் அஸ்திவாரத்துக்குள் போகும். தொட்டிகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, செங்கல்மேல் வைத்துக் காட்டுங்கள். தரையில் மரம் வைப்பதில்லை என்று வாக்குக் கொடுங்கள். முதல் கொத்துக் கருவேப்பிலையை அவர் வீட்டுக்கு அனுப்புங்கள். எங்கள் ஓனரம்மா இப்போது மருதாணி கேட்டு ஆள் அனுப்புகிறார்.

என் கணக்கில் கூட எடுத்துப்போக முடியாதது சுண்ணாம்பும் ஜல்லியும் மட்டும். பெஞ்ச்கூடப் பிரித்தால் ஒரு கல், நாலு பிளாக்.

மழைக்காலத்துல பெரிய பெரிய நத்தை வருது. உப்பு போடலாமா?

மண்ணில் உப்புப் போட்டால் நத்தையோடு செடியும் போகும். அது ஆப்பிரிக்கப் பெருநத்தை, ஒரே இரவில் நாற்றுகளை மொட்டையடித்துவிடும். சாயங்காலம் ஒரு நனைந்த கோணிச்சாக்குக்கு அடியில் பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் இலையோ வையுங்கள். காலையில் சாக்கைத் தூக்கினால் கூட்டமாக இருக்கும். கையுறையோடு எடுத்து உப்புத் தண்ணீர் வாளியில் போட்டுவிடுங்கள். வெறுங்கையால் தொடவேண்டாம், நோய்ப்புழுக்களைச் சுமக்கும். குழந்தைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

கருவேப்பிலையில காக்கா எச்சம் மாதிரி ஒண்ணு ஒட்டியிருந்தது. தொட்டா நகருது! மருந்து அடிக்கணுமா?

அடிக்காதீர்கள். அது பட்டாம்பூச்சியின் புழு. பறவை தின்னாமல் இருக்க எச்சம் மாதிரி வேஷம். கொஞ்சநாளில் தோலுரித்துப் பச்சையாகிவிடும், தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு நீட்டி ஒரு வாடை விடும். இரண்டு வாரத்தில் தின்று முடித்துக் கூடு கட்டிவிடும். ஒரு கிளை போகும், மறுபடி துளிர்க்கும். சமையலுக்கு ஒன்று, பட்டாம்பூச்சிக்கு ஒன்று என்று இரண்டு செடி வைத்துவிட்டேன்.

செம்பருத்தித் தண்டில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி, அதற்குத் தயவு வேண்டாம். பீய்ச்சித் தண்ணீர் அடித்துவிட்டு, ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டுச் சோப்புக் கரைசல், சாயங்காலம் தெளியுங்கள். வாரம் ஒருமுறையாக மூன்று வாரம்.

வீட்டு முன்னாடி முருங்கை வைக்கக்கூடாதுன்னு மாமியார் சொல்றாங்க. மூடநம்பிக்கைதானே?

இந்த விஷயத்தில் உங்கள் மாமியார் கட்சி நான். முருங்கைக் கிளை பட்டென்று முறியும், மழைக்காலத்தில் அடிமரம் முழுக்கக் கம்பளிப்பூச்சி அப்பும். ஆறடி இடத்தில் உட்கார்ந்திருப்பவர் தலைமேல் அது வேண்டாம். அரளி கூடாது என்பார்கள், அதுவும் சரி. இலை, பூ, தண்டு எல்லாம் விஷம், சின்னக் குழந்தை உள்ள வீட்டில் தவிர்ப்பதே நல்லது. மற்ற சாஸ்திரங்களுக்கு நான் பொறுப்பில்லை.

காலையில வாக்கிங் போறவங்க பூவெல்லாம் பறிச்சுட்டுப் போயிடறாங்க. எழுதி வெச்சாலும் கேக்கல!

கையில் பிளாஸ்டிக் கவரோடு வரும் பக்தர்களை எந்தப் போர்டும் தடுத்ததில்லை. வம்புக்குப் போகாமல் இடத்தை மாற்றினேன். கேட்டோரம் நந்தியாவட்டை, அது எவ்வளவு பறித்தாலும் பூக்கும். செம்பருத்தியும் மல்லியும் உட்காரும் கல்லுக்கு அந்தப் பக்கம், கை எட்டாது. வாசலுக்கு வெளியே நடைபாதையில் தொட்டி வைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அது நடக்கிறவர்கள் இடம். தள்ளுவண்டியில் குழந்தையோடு வருபவர் ரோட்டில் இறங்கவேண்டி வந்தால் அந்தப் பூவில் என்ன அழகு?

எங்களுக்கு மாடிதான். இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும், எடையைத் தவிர. நனைந்த மண் ஒரு கன அடி 45 கிலோவுக்குக் குறையாது. பெரிய தொட்டிகளைத் தூண், விட்டம் இருக்கும் ஓரங்களில் வையுங்கள், நடுத்தளத்தில் குவிக்காதீர்கள். கலவையில் செம்மண்ணைப் பாதியாக்கித் தென்னைநார்த் தூளைக் கூட்டுங்கள். கல் பெஞ்ச் வேண்டாம், மூங்கில் மோடா போதும். மாடியில் காற்றும் வெயிலும் அதிகம், அதனால் தண்ணீர் விஷயத்தில் சொன்னதை இரண்டு மடங்கு கவனியுங்கள்.

நீங்க சொன்ன எல்லாம் செஞ்சாச்சுக்கா. கல்லும் போட்டாச்சு. ஆனா யாருமே போய் உட்கார்றதில்ல. ஏன்?

எனக்கும் நடந்தது. முதலில் கல்லைக் காம்பவுண்டு சுவரைப் பார்த்துப் போட்டிருந்தேன், செடிகள் அங்கே இருந்ததால். அழகாகத்தான் இருந்தது. ஆனால் தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார யாருக்கும் பிடிக்கவில்லை, யார் வருகிறார்கள் என்று தெரியாது. சமையலறையிலிருந்து கூப்பிட்டாலும் கேட்காது. நாலு மாதம் அதன்மேல் துணிக்கிளிப் கூடைதான் உட்கார்ந்திருந்தது.

முதுகுக்குப் பின்னால் ஒரு சுவர், முன்னால் கேட், பக்கவாட்டில் வீட்டு வாசல் என்று திருப்பிப் போட்டேன். டம்ளர் வைக்க ஒரு கவிழ்த்த தொட்டியும் வைத்தேன். அன்று சாயங்காலமே மாமனார் பேப்பரோடு போய் உட்கார்ந்தார். அந்தக் கல்லைத் திருப்ப மூன்று பேர் தேவைப்பட்டது. அதனால் நீங்கள் கல் வாங்குவதற்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, ஒரு வாரம் இடம் மாற்றி மாற்றி உட்கார்ந்து பாருங்கள்.